முந்தி வந்த இருமல்

இது நிஜமாகவே நடந்தது. பொய் சொல்வதென்றால் காலேஜ் அட்டெண்டன்ஸுக்குச் சொல்வேன். என் வாப்பாவை வைத்துச் சொல்ல மாட்டேன்.

போன ஆகஸ்ட். பட்டப்பகல், மூன்றரை மணி. தாராவியில் எங்கள் வீடு ஏழாவது மாடி, அதுதான் கடைசி மாடி. வாப்பாவுக்கு இதய வால்வு மாற்றி எட்டு மாதம். இரத்தம் உறையாமலிருக்க தினமும் ஒரு மாத்திரை. இரண்டு நாளாக இருமல். தோல் பை பட்டறை வைத்திருப்பவர், பழியைத் தூசியின் மேல் போட்டுவிட்டார். அன்று கைக்குட்டையில் சிவப்பு.

“வெத்தலலே,” என்றார்.

“நீங்க வெத்தலய விட்டே எட்டு மாசம் ஆச்சு வாப்பா.”

“பழசு இப்பதான் வருதுபோல.”

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். லிஃப்டில் நாங்கள் இருவர் மட்டும். ஐந்தாவது மாடியைத் தாண்டியதும் ஒரு குலுக்கல். நின்றது. விளக்கு போனது. மொபைலில் சிக்னல் இல்லை. அலாரம் பட்டன் எங்கள் குடியிருப்பு சொசைட்டியின் செயலாளர் மாதிரி. எவ்வளவு அழுத்தினாலும் பதில் வராது.

“வாட்ச்மேன்! லிஃப்ட் பந்த் ஹோ கயா!”

லிஃப்ட் நின்றுவிட்டதென்று இந்தியில் கத்திப் பார்த்தேன். யாரும் வரவில்லை.

லொக்... லொக்... மேலேயிருந்து ஓர் இருமல். அடுத்து வாப்பா இருமினார். லொக்... லொக்... எதிரொலி என்று விட்டுவிட்டேன். பிறகுதான் உறைத்தது. எதிரொலி பின்னால் அல்லவா வரும்?

மேலே மூன்று இருமல். பிறகு இங்கே மூன்று.

மேலே காறித் துப்பும் சத்தம். பிறகு வாப்பா துப்பினார். மொபைல் வெளிச்சத்தில் பார்த்தேன்... இரத்தம். நுரையோடு.

கதவை இழுத்தேன். அசையவில்லை.

“மூச்சு முட்டுதுலே...”

வாப்பாவின் குரல். மேலேயிருந்து.

பக்கத்தில் வாப்பா இன்னும் வாயே திறக்கவில்லை. பிறகு திறந்தார்.

“மூச்சு முட்டுதுலே...”

சுவரில் சரிந்து உட்கார்ந்தார்.

மேலே...

“ராஹில்...”

என் பெயர்.

தொண்டைக்குள் இரத்தம் களகளக்கும் சத்தம்.

அப்புறம் ஒன்றுமே இல்லை.

வாப்பா என்னைப் பார்த்தார். உதடு பிரிந்தது.

அவர் வாயைப் பொத்தினேன்.

“பேசாதீங்க வாப்பா. என் பேரச் சொல்லாதீங்க.”

விரலிடுக்கில் சூடாக வழிந்தது.

கையை எடுக்கவில்லை.

கடக்.

விளக்கு வந்தது. லிஃப்ட் இறங்கியது.

அந்த மாத்திரையால் மிக அபூர்வமாக நுரையீரலுக்குள்ளேயே இரத்தம் கசியுமாம். இன்னும் கால் மணி நேரம் தாமதித்திருந்தால் அவ்வளவுதான் என்றார் டாக்டர். மாத்திரையை நிறுத்தி, முறிவு மருந்து கொடுத்து, பிளாஸ்மா ஏற்றினார்கள். தொண்டையில் செருகியிருந்த செயற்கைச் சுவாசக் குழாயை எடுத்த அன்றுதான் வாப்பா பேசினார்.

“அன்னைக்கு எதுக்குலே என் வாயப் பொத்துன?”

“நீங்க என்னயக் கூப்பிடப் போனீங்கல்லா... அதான்.”

“நீ கூப்பிட்டதுக்குத்தானலே பதில் சொல்ல வந்தேன். ‘ராஹிலு, நான் இங்கதான் இருக்கேன்’னு.”

“நான் எங்க வாப்பா கூப்பிட்டேன்?”

வாப்பா விரலை மேலே காட்டினார்.

“மேலருந்துலே. ‘வாப்பா... வாப்பா...’ன்னு ஏங்கி ஏங்கி அழுதியே.”