மருந்து கேட்காத பண்ணை

காலை ஐந்து ஐம்பதுக்குச் சேலம் ஜங்ஷனில் இறங்கினேன். தோளில் ஐஸ் பெட்டி. கோழிகளைத் தாக்கும் கிருமிகளை ஆராய்வது என் வேலை, ஆய்வகம் சென்னையில். ஜங்ஷன் இருக்கும் சூரமங்கலத்திலிருந்து புதிய பேருந்து நிலையத்துக்கு ஆட்டோ நூற்றைம்பது ரூபாய். அங்கே கரூர் பேருந்தில் ஏறினேன்.

"பொட்டில மீனுங்களா?" என்றார் நடத்துனர்.

"இல்லைங்க. நோய் வந்த கோழிங்ககிட்ட மாதிரி எடுக்கப் போறேன்."

"பறவைக் காய்ச்சலுங்களா?" குரலைத் தணித்துக்கொண்டார். அவருடைய மச்சானும் பண்ணை வைத்திருக்கிறாராம்.

அப்படித் தெரியவில்லை என்றேன். அதற்குப் பிறகும் திரும்பித் திரும்பிப் பெட்டியைப் பார்த்தார்.

ஏழே முக்காலுக்கு நாமக்கல். முட்டை லாரிகள் எதிரே வந்துகொண்டே இருந்தன. எட்டரைக்குப் பரமத்தியில் இறங்கியபோது பண்ணைக்காரர் கந்தசாமி காருடன் நின்றார். ஐம்பத்தைந்து வயதிருக்கும், பல நாள் மழிக்காத முகம். பண்ணை அங்கிருந்து நான்கு கிலோமீட்டர்.

இரைச்சலை எதிர்பார்த்துத்தான் ஷெட்டுக்குள் நுழைந்தேன். பாதிக் கூண்டுகளில் கோழிகள் இறகைச் சிலிர்த்து, கண்மூடி உட்கார்ந்திருந்தன. செத்தவற்றில் ஆறை அறுத்துப் பார்த்தேன். ஆறிலும் ஈரலின் மேல் பாலாடை போல வெளிர்மஞ்சள் படலம்.

"ஈ.கோலை மாதிரி இருக்குங்க. பாக்டீரியாதான்" என்றேன்.

"முன்னெல்லாம் மருந்துப் பவுடரத் தண்ணில கலக்கிக் குடுத்தா மூணே நாள்ல நின்னுருமுங்க. இப்பக் கேக்கறதேயில்லீங்க."

மாதிரிகளைப் பெட்டியில் அடுக்கினேன். குளித்து உடை மாற்றி வந்ததும் அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "எங்கூட்டுக்காரி ஆஸ்பத்திரில கெடக்கறாளுங்க. மூத்திரத்துல ஆரம்பிச்சு ரத்தத்துல ஏறிருச்சாம். எந்த மருந்தும் புடிக்கலீங்க. ஆஸ்பத்திரிச் சீட்டுலயும் ஈ.கோலைன்னுதான் எழுதியிருக்குது. பத்து வருசமா வெறுங்கையில பவுடர் கலக்குனவ அவதானுங்க. இங்கிருந்து போயிருக்குமுங்களா?"

"சோதிக்காமச் சொல்ல முடியாதுங்க."

"எதுவா இருந்தாலும் மறைக்காமச் சொல்லோணும்."

சொல்கிறேன் என்றேன்.

மதியம் நாமக்கல்லில் இறக்கிவிட வந்தவர், ஆஸ்பத்திரி வாசலில் காரை நிறுத்தி, "ஒரு எட்டுப் பாத்துட்டுப் போங்க" என்றார். அவர் மனைவி பாவாயி சன்னல் ஓரக் கட்டிலில் இருந்தார். ஊசி ஏறிய கை வீங்கியிருந்தது. கணவர் என்னை யாரென்று சொன்னதும் கண் திறந்தார்.

"இன்னைக்கு எத்தன செத்துச்சு சாமி?"

"கொறஞ்சிருக்குங்க" என்றேன். அது பொய்.

"நாளைக்குப் பவுடர ரெண்டு மடங்காப் போட்டுக் குடுக்கச் சொல்லு. அவருக்கு அளவு தெரியாது."

கந்தசாமி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். வேண்டாம், இனி அந்த மருந்தே வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். தலையை மட்டும் ஆட்டிவிட்டு வெளியே வந்தேன்.

மறுநாள் காலை சென்னையில் மாதிரிகளை வளர்க்கப் போட்டேன். மருந்து வில்லைகளை வைத்துப் பார்த்த தட்டுகளில், கிருமி சாகும் இடத்தில் ஒரு தெளிந்த வட்டம் தெரிய வேண்டும். ஒன்றிரண்டைத் தவிர எதிலும் வட்டமே இல்லை. வில்லையின் விளிம்பு வரை கிருமி வளர்ந்து நின்றது.

பண்ணைக்குப் போய்வந்த ஐந்தாம் நாள் கந்தசாமியை அழைத்தேன். பாவாயி இறந்து மூன்று நாளாகியிருந்தது.

கொடுத்த வாக்குப்படி சொன்னேன்: அவர் அனுப்பியிருந்த ஆஸ்பத்திரிச் சீட்டில் தோற்ற மருந்துகள்தான் கோழிகளிடமும் தோற்றிருக்கின்றன, ஆனால் கிருமி கோழியிலிருந்து பாவாயிக்குப் போனதா என்று இதை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது.

அவருக்குப் பின்னால் கோழிகளின் சத்தம் கேட்டது.

"அவ சொன்னாளேன்னு மறுநாளே பவுடர ரெண்டு மடங்காப் போட்டுட்டனுங்க" என்றார்.