நாற்பது வினாடி

கடைகடையாகப் போய்த் தராசைச் சோதித்து முத்திரை வைக்கிற உத்தியோகம் அவருக்கு. ஐந்து கிராம் குறைந்தாலும் வியாபாரியை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவார். வீட்டிலோ சிற்றலை ரேடியோவே கதி. எங்கோ தூரத்து நிலையத்தைப் பிடித்து, எத்தனை மணிக்கு என்ன கேட்டது, எவ்வளவு தெளிவு என்று எழுதிப் போட்டால், 'ஆமாம், எங்களைத்தான் கேட்டீர்கள்' என்று அவர்கள் ஓர் அட்டை அனுப்புவார்கள். போனில் இணையம் வழியாகவும் எல்லா நிலையமும் கேட்கும்தான். ஆனால் இரைச்சலைத் துழாவித் துழாவி ஒரு குரலைப் பிடிக்கிற சுகம் அதில் ஏது?

ஒரு சின்னத் தீவு நிலையம் மட்டும் அவருக்குப் போக்குக் காட்டியது. மூன்று வாரம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தும் வெறும் இரைச்சல்தான்.

"என்ன மாமா, தீவு கடல்ல முங்கிடுச்சா?" என்று மைத்துனன் கிண்டலடித்தான்.

"அட்டை வரும், பாருடா" என்று வீம்பாகச் சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அதே நிலையத்தைப் போனில் கேட்டார். வினாடி சுத்தமாக நேரம் குறித்தார். நம்பும்படி இருக்கட்டுமென்று 'லேசான இரைச்சல்' என்றும் சேர்த்து எழுதி அனுப்பினார்.

அட்டை வந்தது. கூடவே நிலையப் பொறியாளரின் துண்டுச் சீட்டு: 'நீங்கள் குறித்த நேரங்கள் எல்லாமே நாற்பது வினாடி பிந்தியவை. வானொலி அலை அவ்வளவு தாமதிக்காது, இணையம்தான் தாமதிக்கும். எங்களுக்கு எழுதுகிறவர்களே அபூர்வம் என்பதால், தேதி போடாமல் அட்டையை அனுப்புகிறேன். எங்களை ரேடியோவிலேயே கேட்கும் நாளில் தேதியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.'

அவருக்குக் காது மடல் சுட்டது. சீட்டைச் சட்டைப் பைக்குள் திணிப்பதற்குள், மனைவி அட்டையைப் பிடுங்கிக்கொண்டு தம்பியிடம் போய்விட்டாள்.

"பாத்தியாடா! உங்க மாமாவ என்னமோ சொன்னியே?"

"தேதியே இல்லையேக்கா. நெஜமாவே கேட்டாரா?"

"வாய மூடு. அஞ்சு கிராமுக்கே ஊர ரெண்டாக்குறவரு, இதுக்குப் போய்ப் பொய் சொல்வாரா?" பேனாவைத் திறந்தாள். "அவங்க மறந்திருப்பாங்க. என்னங்க, என்னிக்குக் கேட்டீங்க? நானே எழுதிடறேன்."

அவள் முகத்தைப் பார்க்கவே அவருக்குக் கூசியது. ஏதோ ஒரு தேதியைச் சொன்னால் போதும், விஷயம் முடிந்தது. வாய்வரைக்கும் வந்தும் விட்டது.

"எழுதாத" என்றார். "அந்த ஸ்டேஷன நான் ரேடியோல கேக்கவே இல்ல. போன்ல கேட்டு எழுதினேன்."

இதற்கு மைத்துனன் விழுந்து விழுந்து சிரிப்பான் என்று எதிர்பார்த்தார். அவன் சிரிக்கவில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.