பூசைத் தட்டில் இருந்த நட்டு

மோட்டார் வண்டியின் எந்த உறுப்பில் பழுது கண்டாலும் அதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தலைமைக் கச்சேரியின் பதில் வரும்வரை வண்டியை ஓட்டவும் கூடாது, எதையும் கழற்றவும் கூடாது. திருநெல்வேலியில் நான் குமாஸ்தாவாக இருந்த ஜமீனின் விதி இது. விதியில் ஒரு குறையும் இல்லை. தலைமைக் கச்சேரி என்ற அந்த அலுவலகம் சென்னைப்பட்டணத்தில் இருந்ததும், அங்கே மோட்டாரின் முன்பக்கம் எது பின்பக்கம் எது என்று தெரிந்தவர் எவரும் இல்லாததும் விதியின் குற்றமல்ல.

பெரிய யுத்தத்துக்கு முந்தின வருஷம், கார்த்திகை மாதம். பாளையங்கோட்டையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். பின்னால் ஜமீன் மேனேஜர், முன்னால் டிரைவரும் நானும். ஆற்றுப்பாலத்து இறக்கத்தில் ஒரு வைக்கோல் வண்டி குறுக்கே வந்தது. டிரைவர் பிரேக்கை மிதித்தார். மிதி தடுக்கவில்லை, கீழே போய்க்கொண்டே இருந்தது. பலகையில் அவர் கால் மோதிய சத்தம் எனக்குக் கேட்டது. வண்டியோ ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்திலிருந்த கைப்பிரேக்கை அவர் இரண்டு கையாலும் இழுத்த பிறகுதான் நின்றது. அதற்குள் எங்கள் மூவர் முகமும் வைக்கோலுக்குள் போயிருந்தது.

"என்னவே, வைக்கோல் திங்கவா என்னைக் கூட்டிட்டு வந்தீரு?" என்றார் மேனேஜர். வைக்கோலுக்குள் உட்கார்ந்துகொண்டு அவர் அதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஊர்ந்தே மேனேஜர் குடியிருந்த ஜமீன் பங்களாவுக்கு வந்து சேர்ந்ததும் டிரைவரைத் தனியே பிடித்தேன்.

"ஒரு மாசமாவே பைய பைய எறங்குது அய்யா. நம்ம காலுதான் பழகிட்டுன்னு நெனச்சேன்."

"கால் பழகினா பிரேக் ஏன் பலகையைத் தொடணும்?"

"அதான அய்யா, நானும் கேக்கேன்."

மறுநாள் காலையில் அதே வண்டி சேரன்மகாதேவிக்குப் போக வேண்டும். அங்கே மேனேஜரின் ஒரே மகளுக்கு வளைகாப்பு. பிரசவத்துக்காக அவளைத் தாய்வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். ஏழு மாதக் கர்ப்பிணி. மாட்டு வண்டியில் போகலாமே என்று மேனேஜரிடம் சொல்லிப் பார்த்தேன்.

"மோட்டார் வருதுன்னு சம்பந்தி வீட்டுல சொல்லியாச்சு. தெருவே காத்துக் கெடக்கு. கட்டை வண்டியில போய் எறங்கச் சொல்லுதீரா? அதான் கைப்பிரேக் இருக்குல்லா!"

அந்தக் கைப்பிரேக் எங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று நினைவூட்டினேன். அவர் தலைப்பாகையில் இன்னும் ஒரு வைக்கோல் தொங்கிக்கொண்டிருந்தது.

விதியை மறுபடி படித்துப் பார்த்தேன். ஓட்டக் கூடாது என்றதை மேனேஜர் காதில் வாங்கப் போவதில்லை. கழற்றக் கூடாது என்றது. பார்க்கக் கூடாது என்று எங்கும் இல்லை. கோரம்பாயை விரித்து வண்டிக்கு அடியில் டிரைவரும் நானும் படுத்தோம். வண்டியோடு வந்த இங்கிலீஷ் கையேட்டை நான் வாசித்தேன். அவர் தடவிப் பார்த்தார். மிதி அதிகம் இறங்கினால் முதலில் பிரேக் பட்டை தேய்ந்திருக்கிறதா பார் என்றது புத்தகம். பட்டை தடிமனாக, புதுசு போல இருந்தது. அடுத்து மிதியிலிருந்து பின்னால் போகும் இரும்புக் கம்பியைப் பார் என்றது. கம்பி வளையவில்லை. அதன் கடைசி முனைக்குப் போனதும் அவர் விரல் நின்றது.

"அய்யா, இங்கன ரெண்டு நட்டு உண்டும். ஒண்ணுதான் இருக்கு."

எட்டிப் பார்த்தேன். கம்பியின் நீளத்தைப் பிடித்து வைப்பது உள்ளே இருக்கும் இரும்பு நட்டு. அது குலுங்கிக் கழலாமல் பூட்டி வைப்பது வெளியே இருக்கும் நட்டு. அந்தப் பூட்டு நட்டைக் காணோம். பூட்டில்லாத இரும்பு நட்டு ஒவ்வொரு குலுக்கலுக்கும் கொஞ்சம் பின்னால் நகர்ந்து, மிதியை அதோடு கீழே இறக்கி, இப்போது கம்பியின் நுனியில் நின்றது. இன்னும் ஒரு சுற்று கழன்றிருந்தால் மிதிக்கும் பிரேக்குக்கும் சம்பந்தமே இருந்திருக்காது.

"காணாமப் போன நட்டு எப்படி இருக்கும்?"

"பித்தளை அய்யா. விரலால திருகுததுக்கு ரெண்டு பக்கமும் காது மாரி இருக்கும்."

இதைக் கேட்டுக்கொண்டு அங்கே ஒருவர் நின்றிருந்தார்: எங்கள் பங்களாவின் சமையலும் பூசையும் பார்க்கும் தவசிப்பிள்ளை.

"காது வச்ச பித்தளையா? அது பூசைத் தட்டுல இருக்கே!"

டிரைவர் எழப்போய் வண்டியில் தலையை இடித்துக்கொண்டார். "அண்ணாச்சி! அங்கன எப்படிவே போச்சு?"

"ஆயுத பூசைக்கு வண்டிப் பித்தளை பூராத்தையும் புளி போட்டு விளக்கச் சொன்னாகள்லா. விளக்கு, ஊதுகுழல் எல்லாம் கழத்துனேன். இதையும் கழத்துனேன். பாத்தா ரெண்டு காது. சரி, வெள்ளக்காரன் பிள்ளையார் வச்சுத்தான் வண்டி அனுப்புதான் போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

"திருப்பி மாட்டியிருக்கலாமே?" என்றேன்.

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "பிள்ளையாரைக் கொண்டுபோய் வண்டிக்கு அடியில, சகதியிலயா வைக்கது?"

பூசையறைக்கு ஓடினேன். சந்தனம், குங்குமம், தலையில் ஓர் அருகம்புல். தட்டின் நடுவில் எங்கள் பிரேக் உட்கார்ந்திருந்தது. என் பின்னால் வந்த மேனேஜர் நிலைப்படியிலேயே நின்றுவிட்டார். விஷயத்தைச் சொன்னேன்.

"நெசமாவா வே? எம் மக நல்லபடியா வந்து சேரணும்னு தெனமும் இது முன்னாலதானே விழுந்து கும்பிட்டேன்."

அவர் மகள் வந்து சேர வேண்டுமானால் அது இருக்க வேண்டிய இடம் வேறு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. தவசிப்பிள்ளை கற்பூரம் காட்டி முடித்ததும் மேனேஜரே அதைக் கையில் எடுத்து, வேட்டியில் துடைத்து, டிரைவரிடம் கொடுத்தார்.

விதி கழற்றக் கூடாது என்றுதான் சொல்லியிருந்தது. மாட்டக் கூடாது என்று சொல்லவில்லை. டிரைவர் ஸ்பானரால் இரும்பு நட்டை உள்ளே ஏற்ற ஏற்ற, நான் மேலே உட்கார்ந்து மிதித்துப் பார்த்துச் சொன்னேன். மிதி பாதி இறங்கியதும் கெட்டியாக நின்ற நிலையில் பித்தளை நட்டை இறுக்கிப் பூட்டினார். ஆற்றுக்குப் போகும் சரிவில் காலி வண்டியை உருளவிட்டு மிதித்தோம். நின்றது. ஒருமுறை போதாதென்று மேனேஜர் எங்களைத் திரும்பத் திரும்ப மிதிக்க வைத்தார்.

மறுநாள் கைநிறைய வளையலோடு அவர் மகள் வந்து இறங்கினாள். டிரைவர் வழியெல்லாம் வண்டியை நிறுத்தி நிறுத்திக் கீழே குனிந்து பார்த்ததாகப் புகார் சொன்னாள். தை மாதம் ஆண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம்.

நான் மட்டும் விதிப்படி, நடந்ததை நடந்தபடி, நட்டு மாட்டிய அன்றே எழுதி அனுப்பியிருந்தேன். பதில் வந்தபோது குழந்தைக்குக் கழுத்து நின்றிருந்தது. "மேற்படி நட்டு வண்டியின் உறுப்பா, பூசைச் சாமானா என்பதைத் தெளிவுபடுத்தவும். அதுவரை வண்டியை நகர்த்தக் கூடாது" என்று எழுதியிருந்தார்கள். மேனேஜர் மகளையும் பேரனையும் அதே வண்டியில் ஏற்றிச் சேரன்மகாதேவிக்கு அனுப்பிவிட்டு வந்து, நின்றபடியே அதைப் படித்தார். கார்த்திகையில் நான் எழுதியதற்குப் பதில் வந்த அன்று பங்குனி உத்திரம்.