பல் நிறத்தில் ஒரு துப்பாக்கி

நான் செயற்கைப் பல் செய்கிறவள். எங்கள் தீவின் ஜார்ஜ் டவுனில், கீழே கடையிருக்கும் ஒரு கடைவீட்டு மாடியில் எங்கள் லேப். பல் மருத்துவர்கள் அனுப்பும் வாய் அச்சைப் பார்த்து, அக்ரிலிக் தூளைத் திரவத்தில் குழைத்து ஈறு செய்து, அதில் பற்களைப் பதிப்பேன். என் தம்பி பாலம் தாண்டி அக்கரையில், பாகான் டாலாமில் இருக்கிறான். விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில் வேலை. விடுமுறை நாள்களில் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு குறும்படம் எடுப்பான். எடுத்தவற்றில் பாதி முடிந்ததே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் ஆயர் ஈத்தாமில் இருக்கும் என் அடுக்குமாடி வீட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தான். உள்ளே பிளாஸ்டிக் குண்டு சுடும் மலிவான ஏர்சாஃப்ட் கைத்துப்பாக்கி.

"பழைய சாமான் சந்தையில கெடச்சுச்சுக்கா. இத எதிர்காலத்துத் துப்பாக்கியா மாத்திக் கொடேன்."

"உனக்கு கிறுக்கா? லைசென்ஸ் இல்லாம இத வெச்சிருந்தா உள்ள தள்ளிருவாங்க லா."

"அதான் உங்கிட்ட கொண்டு வந்தேன். நீ பிரிச்சிட்டா அது துப்பாக்கியே இல்லல?"

தன் புதுக் குறும்படத்தின் கதையைச் சொன்னான். கடல் எங்கள் தீவில் பாதியை விழுங்கிவிட்ட காலம். மிஞ்சிய ஒரே குடிநீர்த் தொட்டியைத் தனியாகக் காவல் காக்கும் பெண். அவள் கையில் இருக்கும் ஆயுதம்தான் இது. கதை எனக்குப் பிடித்திருந்தது. அதை அவனிடம் சொல்லவில்லை.

அவன் எதிரிலேயே திருகாணிகளைக் கழற்றினேன். சுருள்வில்லை எடுத்து நறுக்கிக் குப்பையில் போட்டேன். குழாய்க்குள், என் வேலைப் பையில் கொஞ்சம் இருந்த, ஈறுக்குப் பயன்படும் இளஞ்சிவப்பு அக்ரிலிக்கை ஊற்றி அடைத்தேன். இனி அதிலிருந்து எதுவும் வெளியே வராது. பிறகு உப்புத்தாளால் பளபளப்பைத் தேய்த்து எடுத்தேன். கெட்டுப்போன கணினியின் அலுமினியத் தகடு ஒன்றை மேலே ஒட்டி, ஷாம்பு போத்தலின் மூடியை முனையில் வைத்து, எல்லாவற்றுக்கும் கறுப்புச் சாயம் அடித்தேன். ஓரங்களில் மட்டும் வெள்ளி நிறத்தை லேசாகத் தடவியதும் பல வருடம் புழங்கிய இரும்புபோல ஆகிவிட்டது. எனக்கே பெருமையாக இருந்தது. தம்பி போன பிறகு, சாய நெடி வீட்டுக்குள் வேண்டாம் என்று ஒரு கம்பியில் கோத்து, வெளி வராந்தாவில் துணிகளுக்கு நடுவே தொங்கவிட்டேன்.

துணி மடித்துக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. இரண்டு போலீஸ்காரர்கள். எதிர் வரிசை வீட்டிலிருந்து யாரோ பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களில் மூத்தவர் கம்பியிலிருந்து அதை எடுத்து, "காக், இது என்ன?" என்று, அக்கா முறை வைத்து மலாயில் கேட்டார். தம்பியின் படத்துக்கான பொம்மை என்றேன். அவர் நம்பவில்லை. திருகாணிகளைக் கழற்றி, வில் இருந்த வெற்றிடத்தையும் அடைத்த குழாயையும் காட்டினேன்.

அவர் அந்த இளஞ்சிவப்பை விரல் நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"இது பல் செட் சாமான் மாதிரி இருக்கே?"

"அதேதான். அதுதான் என் வேலை."

அவர் சிரிக்கவில்லை, ஆனால் குரல் தணிந்தது. "உள்ளே ஒன்றுமில்லை என்று உங்களுக்குத் தெரியும். தூரத்தில் நிற்கிற எனக்கு எப்படித் தெரியும்? இதை யாராவது கையில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினால் நான் என்ன செய்வேன்?" என்றார். என் அடையாள அட்டை எண்ணைக் குறித்துக்கொண்டார். கறுப்பாக இருக்கவே கூடாது, பார்த்தவுடன் பொம்மை என்று தெரிய வேண்டும், படம் எடுக்கும் முன் அந்த வட்டாரப் போலீஸ் நிலையத்தில் சொல்லிவிட வேண்டும், படம் முடிந்ததும் அழித்துவிட வேண்டும் என்றார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். அவர்கள் போனதும் அதை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.

தம்பிக்குப் போன் செய்து அவர் சொன்னதைச் சொன்னேன்.

"பொம்மைனு தெரிய முனையில மட்டும் ஆரஞ்சு அடிச்சிக்கலாம்கா. எடிட்டிங்ல அழிச்சிருவேன்."

"முடியாது. கறுப்பா இருந்தா நான் கொடுக்க மாட்டேன்."

"அப்புறம் பிள்ளைங்க வெளையாட்டுச் சாமான் மாதிரிலா இருக்கும்!" என்று போனை வைத்துவிட்டான்.

மறுநாள் அதை லேப்புக்கு எடுத்துப் போகவும் பயமாக இருந்தது. அதனால் லேப்பில் மீந்த அக்ரிலிக்கை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வேறு சாயம் வாங்கும் எண்ணமில்லை. கையிலிருப்பதை வைத்து மூடிவிடலாம் என்றுதான் நினைத்தேன். முதல் பூச்சில் திரவம் கறுப்புச் சாயத்தைக் கரைத்து, பிளாஸ்டிக்கையும் சற்று இளக்கிவிட்டது. நேர்க்கோடுகள் எல்லாம் தொய்ந்தன. கெட்டுப்போயிற்று என்று எறியப் போனேன். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோது எறிய மனம் வரவில்லை. குழாய்க்குப் பல்லின் மஞ்சள் கலந்த வெள்ளையைக் கொடுத்தேன். கைப்பிடியைச் சுற்றி ஈறு நிறத்தை ஏற்றி, அதன்மேல் மெல்லிய சிவப்பு நரம்புகளை இழுத்தேன். விலை கூடின பல் செட்டுகளில் அப்படித்தான் செய்வோம். கடைசியில் ஈரமாக இருப்பதுபோல் மெருகேற்றினேன்.

தம்பி வந்து பார்த்தான். தொட்டான், கையை எடுத்தான், மறுபடி தொட்டான்.

"அக்கா, இத யாரும் செஞ்ச மாதிரியே இல்ல. இது தானா வளர்ந்திருக்கு."

அன்றே கதையை மாற்றி எழுதினான். இரும்பு எல்லாம் கடலுக்குள் போய்விட்ட உலகத்தில் ஆயுதங்களைச் செடிபோல வளர்க்கிறார்கள். அந்தப் பெண் தன் ஆயுதத்துக்கும் குடிநீரில் பங்கு கொடுக்க வேண்டும். சுடுகிற காட்சியை நீக்கிவிட்டு, ஆயுதத்துக்கு அவள் தண்ணீர் ஊட்டும் காட்சியை வைத்தான்.

போலீஸ் நிலையத்தில் சொல்லிவிட்டு, சிம்பாங் அம்பாட்டில் மூடிக்கிடந்த ஒரு கொட்டகையில் படத்தை எடுத்தார்கள். நடித்தவள் தம்பியின் மனைவி. முதலில் அதைக் கையில் வாங்கவே கூசினாள். அந்தக் கூச்சத்தோடேயே நடிக்கச் சொன்னான் தம்பி. அவள் ஒரு கரண்டி தண்ணீரை அதன் முனையில் ஊற்றிவிட்டு, மிச்சத்தைத் தான் குடிக்காமல் நின்றபோது, விளக்குப் பிடித்துக்கொண்டிருந்த நான் விளக்கை அசைத்துவிட்டேன். மறுபடி எடுத்தார்கள்.

படம் முடிந்தது. ஒரு போட்டிக்கு அனுப்பினான். ஒலி தெளிவாக இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பாகான் டாலாமில் ஒரு சிறு மண்டபத்தில் நாங்களே திரையிட்டோம். வந்தவர்கள் பெரும்பாலும் சொந்தக்காரர்கள். தண்ணீர் ஊட்டும் இடத்தில் பின்வரிசைப் பேச்சு நின்றது. தம்பி திரையைப் பார்க்காமல் அவர்கள் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த வாரம் என் வீட்டுச் சமையலறையில், போலீஸ்காரரிடம் ஒப்புக்கொண்டபடி, அதைச் சிறு ரம்பத்தால் அறுத்தேன். தம்பி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். வெள்ளைத் தூள் அவன் சட்டையெல்லாம் படிந்தது.

"மெதுவாக்கா" என்றான்.




கைப்பிடிப் பாதியைத் துணியில் சுற்றி அவன் எடுத்துக்கொண்டு போனான். மற்றதை நான் பொடியாக்கிக் குப்பையில் போட்டேன்.