நான் சுத்தம் செய்த வானம்

அந்தத் தூரிகையின் முனையில் ஏழெட்டு முடிகளுக்கு மேல் இருக்காது. கறுப்பு மையைத் தொட்டு, நாக்கு நுனியில் ஒற்றி ஈரத்தைச் சரிசெய்து, மூச்சை அடக்கிக்கொண்டு படத்தின் மேல் வைக்க வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரில் என் சித்தப்பா நடத்திய ஸ்டுடியோவில் நான் ஒன்பது வருடம் டச்சிங் வேலை பார்த்தேன். நெகட்டிவில் ஒரு தூசி ஒட்டியிருந்தால் அது படத்தில் வெள்ளைப் புள்ளியாக விழும். கடை பேருந்துச் சாலையைப் பார்த்து இருந்ததால் எங்களுக்குத் தூசிக்குப் பஞ்சமில்லை. மாப்பிள்ளையின் தலைமுடியிலும் பெண்ணின் புருவத்திலும் விழுந்த வெள்ளைப் புள்ளிகளை, அவை அங்கே இருந்ததே தெரியாதபடி மறைப்பதில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது. வெள்ளைப் புள்ளியோடு ஒரு படமும் வாசல் தாண்டக் கூடாது என்பது சித்தப்பாவின் சட்டம். அந்தச் சட்டத்தை நான் ஒருவருக்கும் ஒருநாளும் மீறியதில்லை. அதுதான் அவ்வளவு பெரிய தவறாகிப் போனது.

எண்பதுகளின் நடுவில் ஒரு காலையில் அவர் முதன்முதலாகக் கடைக்கு வந்தார். ராஜபாளையத்தில் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி நெய்யும் ஒரு மில்லில் செக்கிங் பிரிவில் இருந்தவர். கீழே விளக்கெரியும் கண்ணாடி மேஜை மேல் துணி ஓடிக்கொண்டே இருக்கும். இழை அறுந்த இடத்தையும் முடிச்சு விழுந்த இடத்தையும் கண்டுபிடித்து நிறுத்த வேண்டும். இருபது வருடமாக அதைச் செய்த கண் அவருடையது. வயது நாற்பத்தைந்து இருக்கும். சித்தப்பா அவரைச் செக்கிங் அண்ணாச்சி என்பார். நானும் அப்படியே சொல்லிப் பழகினேன். அமாவாசையை ஒட்டிய நாட்களில் சைக்கிளில் செண்பகத்தோப்புக்குப் போய், மலையடிவாரத்து இருட்டில் வானத்தைப் படம் எடுத்துவிட்டு, விடிந்ததும் ஊருக்குத் திரும்பும் வழியில் ஃபிலிமை எங்களிடம் கொடுத்துவிட்டுப் போவார். கைப்பிடி நைந்த பழைய கேமரா. இரண்டு பலகைகளைக் கதவுக் கீலால் இணைத்து, நடுவில் ஒரு திருகாணியை வைத்து, மேலே கேமராவைப் பொருத்தி, நட்சத்திரங்கள் கோடாக இழுபடாதபடி பூமி சுற்றும் வேகத்துக்கு அதைக் கையாலேயே திருப்புவார். தொடக்கத்தில் வனத்துறைக்காரர்கள் மரம் கடத்துகிறவர்களுக்கு வேவு பார்க்கும் ஆள் என்று நினைத்து அவரைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். பலகையைத் திருப்பிக் காட்டி விளக்கிய பிறகு, பைத்தியம் என்று விட்டுவிட்டார்களாம். அதைச் சிரிக்காமல்தான் சொன்னார்.

அவர் தேடியது பத்தாவது கோளை. புளூட்டோவுக்கும் அப்பால் இன்னொன்று இருக்க வேண்டும், நெப்டியூனின் பாதை கணக்குக்குச் சரியாக வரவில்லை என்று சிலர் அப்போது எழுதிக்கொண்டிருந்தார்கள். நூலகத்தில் ஏதோ ஒரு பத்திரிகையில் அதைப் படித்ததிலிருந்து அவருக்கு வேறு நினைப்பில்லை. ஒருநாள் நான் கேட்டபோது, வானத்தில் ஒரே இடத்தை இன்றைக்கு ஒரு படமும் நான்கு நாள் கழித்து ஒரு படமும் எடுப்பதாகச் சொன்னார். நட்சத்திரங்கள் அப்படியே இருக்கும். இடம் மாறிய புள்ளி எதுவோ அதுதான் சூரியனைச் சுற்றுவது. சூரியன் போகும் பாதையை ஒட்டி, சிம்மத்துக்கும் கன்னிக்கும் நடுவில் ஒரு துண்டு வானத்தைத் தனக்கென்று ஒதுக்கிக்கொண்டிருந்தார். ஹாலி வால்நட்சத்திரம் வந்த வருடம் ஊரே அவரைத் தேடி வந்தது. எல்லோருக்கும் காட்டினார். ஆனால் அவருடைய கேமரா அந்தத் துண்டைவிட்டு நகரவில்லை. பெரிதாக்கிய படங்களை வாங்கிக்கொள்ளும்போது ஒவ்வொரு முறையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். மதுரையில் கழுவினால்கூட இவ்வளவு சுத்தமாக வராது என்பார். நான் தலை குனிந்து சிரித்துக்கொள்வேன்.

மூன்று வருடம் இப்படிப் போனது. பிறகு ஒரு நாள், வாரநாள் பகலில், வேலைக்குப் போகாமல் வந்து நின்றார். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தார். ஒரே இடத்தின் நான்கு படங்களை என் மேஜையில் வரிசையாகப் பரப்பினார். கல்லூரி நூலகத்து வரைபடத்திலிருந்து கையால் வரைந்துகொண்ட ஒரு தாளையும் அருகில் வைத்தார். நடுத்தரமான ஒரு நட்சத்திரம் வரைபடத்தில் இருந்தது; மூன்று படங்களில் இருந்தது; கடைசிப் படத்தில் இல்லை. மங்கலான புள்ளிகள் சில நாள் தெரியும், சில நாள் தெரியாது, அதையெல்லாம் மெல்லிய மேகம் என்று விட்டுவிடுவாராம். இது அப்படி மறையக்கூடியது இல்லை.

"ஒரு நட்சத்திரத்தக் காணும் தாயி," என்றார். "ஒண்ணு அதுவே அவிஞ்சிருக்கணும். இல்லன்னா, நமக்கும் அதுக்கும் நடுவுல எதுவோ வந்து மறைச்சிருக்கணும். மலைமேல இருக்குற வான ஆய்வுக்கூடத்துக்கு நேத்தே எழுதிப் போட்டுட்டேன்."

நான் படத்தைக் கையில் எடுத்து ஜன்னல் பக்கம் சாய்த்தேன். பளபளப்புத் தாளில் மை பட்ட இடம் மட்டும் மினுங்காது. எங்களைப் போன்றவர்கள் சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும். அந்த நட்சத்திரம் இருக்க வேண்டிய இடத்தில் கடுகில் பாதி அளவுக்கு ஒரு மங்கல். அதை உரசிக்கொண்டு நீளமாக இன்னொரு மங்கல். அங்கே ஒரு கீறல் இருந்ததும், கீறலை மறைக்கும்போது பக்கத்திலிருந்த புள்ளியையும் சேர்த்து மறைத்ததும் எனக்கு நினைவு வந்தது. அதோடு நிற்கவில்லை. படத்தை இன்னும் கொஞ்சம் சாய்த்தபோது வானம் முழுவதும் அம்மைத் தழும்புபோல மங்கல்கள் எழுந்து வந்தன. பெரியதெல்லாம் நட்சத்திரம், சிறியதெல்லாம் தூசி என்று மூன்று வருடமாக நானே முடிவு செய்திருந்தேன். அவர் உயிரைக் கொடுத்துத் தேடிய அளவுள்ள புள்ளிகளைத்தான், யாரும் கேட்காமலே, கைக்குழந்தையின் முகத்தைத் துடைப்பதுபோல ஒவ்வொன்றாகத் துடைத்திருந்தேன். நான் அசந்து நின்றதை அவர் வியப்பு என்று எடுத்துக்கொண்டார். படங்களைப் பத்திரமாகச் சுருட்டிக்கொண்டு போனார்.

சித்தப்பாவிடம் சொன்னேன். அவர் கையிலிருந்த கேமரா லென்ஸைத் துடைத்து முடித்தார். பிறகு, "சொல்லாத. அந்த ஆளு தாங்க மாட்டாரு. கடைப் பேரும் கெட்டுப்போகும்," என்றார். அடுத்த மூன்று நாளும் என்னால் தூரிகையைத் தொட முடியவில்லை. ஒரு கல்யாணப் படத்தை எடுத்து வைத்தால், பெண்ணின் நெற்றியில் இருப்பது தூசியா மச்சமா என்று பயம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை சித்தப்பாவிடம் சொல்லாமல் ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறினேன்.

அவர் வீட்டை விசாரித்துப் போனபோது அவர் மனைவி பக்கத்து வீட்டுக்காரம்மாவோடு தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "ஏங்க, போட்டோக் கடைப் பிள்ளை வந்திருக்கு," என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டு நாற்காலியைத் தூசி தட்டிப் போட்டார். உள்ளறைச் சுவரில் நான் தொட்ட படங்கள் தரையிலிருந்து கூரைவரை ஒட்டப்பட்டிருந்தன. நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்பது நினைவில்லை. அவர் என்னைப் பார்க்காமல் சுவரில் இருந்த ஒரு படத்தைக் கழற்றி, நான் சொன்னபடி ஜன்னலுக்கு எதிரே சாய்த்தார். அடுத்ததைக் கழற்றினார். அதற்கடுத்தது. ஏழெட்டுப் படங்களுக்குப் பிறகு கை நின்றது.

"எல்லாத்துலயுமா?" என்று கேட்டார்.

"எல்லாத்துலயும் அண்ணாச்சி."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தரையில் மெல்ல உட்கார்ந்தார். அவர் மனைவி தண்ணீர்ச் செம்போடு வந்து, எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, செம்பைக் கீழே வைக்காமலே நின்றார். கடைசியில் அவர் சொன்னது அந்தக் கடிதத்தைப் பற்றி மட்டும்தான். "நட்சத்திரம் காணாமப் போச்சுன்னு எழுதிட்டேனே தாயி. இனிமே நான் எதை எழுதுனாலும் அவிய நம்புவாகளா?"

நெகட்டிவ்கள் அவரிடம் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருந்தன. என் தூரிகை படத்தாளைத்தான் தொட்டது, நெகட்டிவைத் தொடவில்லை. அது அவ்வளவு சிறியது என்பதாலும், எங்கள் படத்தின் சுத்தத்தை நம்பியதாலும் அவர் அதைத் திரும்ப எடுத்துப் பார்த்ததேயில்லை. மறுவாரம் டப்பாவோடு கடைக்கு வரும்படி நான்தான் கெஞ்சினேன். திறந்தபோது, மழைக்காலத்து ஈரத்தில் ஏறக்குறையப் பாதிச் சுருள்களில் பூஞ்சை படர்ந்திருந்தது. மிஞ்சியவற்றை என் டச்சிங் மேஜையின் கண்ணாடி மேல், அடியில் விளக்கைப் போட்டு, இரண்டிரண்டாக வைத்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தோம். நெகட்டிவில் நட்சத்திரங்கள் கறுப்பு. வெள்ளை வானத்தில் எறும்பு முட்டையைவிடச் சிறிய கறுப்புப் புள்ளிகள். பல ஞாயிற்றுக்கிழமைகள் போயின. சித்தப்பா முதலில் முகம் கொடுக்கவில்லை. பிறகு அவரே டீ வாங்கி வந்து வைத்தார்.

ஒரு ஞாயிறு அண்ணாச்சியின் விரல் ஒரு புள்ளியில் நின்றது. நான்கு நாள் கழித்து எடுத்த நெகட்டிவில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. அரிசி அகலம் தள்ளி அதே புள்ளி நின்றது. அந்த இரண்டு நாளின் படத்தாள்களையும் எடுத்துச் சாய்த்துப் பார்த்தேன். இரண்டிலும் அந்தப் புள்ளியை நான் அழித்திருந்தேன். அவர் அளவுகோலால் அளந்துவிட்டு நிதானமாகச் சொன்னார். "இது நம்ம தேடுறது இல்ல. நாலு நாள்ல இம்புட்டு ஓடுதுன்னா பக்கத்துல இருக்கு. தூரத்துல இருக்கிறது இம்மிதான் நகரும்." ஆனாலும் எழுதுங்கள் என்றேன். மாட்டேன் என்றுவிட்டார். தன் பேச்சுக்கு அங்கே இனி மதிப்பில்லை என்றார்.

நான் எழுதினேன். காணாமல் போன நட்சத்திரத்தை அழித்தது நான்தான் என்றும், அவர் எடுத்த நெகட்டிவில் அது இருக்கிறது என்றும், நகர்ந்த புள்ளி தெரியும் இரண்டு படங்களை மை தொடாமல், அவர் அளந்த கணக்கோடு இத்துடன் வைத்திருக்கிறேன் என்றும் எழுதி என் பெயரில் கையெழுத்துப் போட்டேன். இரண்டு மாதம் கழித்து பதில் வந்தது, அவர் பெயருக்கு. நகர்ந்தது செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் சுற்றும் ஒரு சிறுகோள், வெகுகாலத்துக்கு முன்பே கண்டறியப்பட்டது. அவர் அளந்த இடம் சரியாக இருக்கிறது. தொடர்ந்து அனுப்பலாம். அவ்வளவுதான் கடிதம். அதைக் கடையில் நின்றபடி படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அடுத்த அமாவாசைக்குப் பிறகு ஒரு ஃபிலிம் கொண்டுவந்தார். உறையின் மேல் பெரிய எழுத்தில், டச்சிங் வேண்டாம் என்று எழுதியிருந்தது.

தொண்ணூற்று இரண்டில், புளூட்டோவுக்கு அப்பால் ஒரு சிறு பொருளைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. வெளிநாட்டு மலையுச்சி ஒன்றில், பெரிய தொலைநோக்கியில், வருடக்கணக்கில் இரண்டிரண்டு படங்களாக ஒப்பிட்டுத்தான் பிடித்திருந்தார்கள். நான் அழித்த மூன்று வருடத்தை எண்ணி அவர் நொந்துபோயிருப்பார் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, அவரே செய்தித்தாளோடு கடைக்கு வந்தார். முகம் தெளிவாக இருந்தது. அது தன் லென்ஸுக்கு ஒருக்காலும் தெரியாத அளவு மங்கலானது என்று முதலில் சொன்னார். அவ்வளவு தூரத்தில் இருப்பது எதுவும் அதில் விழாது என்பதை எப்போதோ கணக்குப் போட்டுத் தெரிந்துகொண்டாராம். நான் தொட்ட படங்களைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்த நாட்களிலேயே. பிறகு, நெகட்டிவ் பூஞ்சையில் போய், படத்தில் நான் அழித்தும் விட்ட இடங்களையெல்லாம் சேர்த்து, தன் துண்டு வானம் முழுவதையும் மறுபடி எடுத்து முடித்துவிட்டதாகச் சொன்னார். அந்த ஐந்து வருடமும் டச்சிங் வேண்டாம் என்ற உறைகள் வந்துகொண்டிருந்தன என்பதைத் தவிர எனக்கு எதுவும் உறைத்ததில்லை.

"அந்த இடத்துல என் லென்ஸுக்குத் தெரியுற மட்டும் புதுசா ஒண்ணும் இல்ல தாயி. நேத்துத்தான் எழுதிப் போட்டேன்."

ஒன்றும் கிடைக்காது என்று தெரிந்தும் எதற்காக இத்தனை வருடம் என்று கேட்டுவிட்டேன். அவருக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை என்பதுபோல என்னைப் பார்த்தார்.

"இல்லன்னு சொல்றதுக்கும் ஒரு ஆளு பாத்திருக்கணும்ல," என்றார்.

அவர் சைக்கிளை மிதித்துப் போன பிறகு, மையில் நனைத்த தூரிகை காயும்வரை நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவரிடமிருந்து நான் ஒரு கோளைப் பறித்துவிட்டதாகத்தான் அதுவரை நினைத்திருந்தேன். நான் பறித்தது அவருடைய 'இல்லை'யை. அதைத் திரும்ப எடுக்க அவருக்கு ஐந்து வருடம் பிடித்திருக்கிறது.