துரு சாரின் பச்சைக் கார்

கிளினிக்கில் தன் முறை வரும்வரை கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல், சட்டைப் பையிலிருந்து காந்தத்தை எடுத்து நாற்காலிக் காலில் ஒட்டிப் பார்க்கிறார் துரு சார். ஒட்டுகிறது. அதில் அவருக்குத் திருப்தியில்லை. குனிந்து இன்னொரு காலைப் பார்க்கிறார். அங்கே பெயின்ட் லேசாக உப்பியிருக்கிறது. முகம் மலர்ந்துவிடுகிறது. "உள்ளுக்குள்ள அரிச்சிருக்கும்" என்று பக்கத்தில் இருமிக்கொண்டிருப்பவரிடம் சொல்கிறார். அவர் தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார்.

துரு சார் என்பது பட்டறைக்காரர்கள் வைத்த பெயர். தொழில், இன்சூரன்ஸ் சர்வேயர். அடிபட்ட வண்டியைப் பார்த்து, கம்பெனி எவ்வளவு கொடுக்கலாம், எவ்வளவு கொடுக்காமல் தப்பலாம் என்று சொல்ல வேண்டும். இரண்டாவதில் மனிதர் புலி. கதவு நசுங்கிய கார்க்காரர் தலையில் கட்டோடு வந்து நின்றாலும், "இந்த நெளிசல் பழசு" என்பார். நசுங்கிய தகட்டைப் பட்டி பூசி மறைத்திருந்தால் அங்கே காந்தம் ஒட்டாது என்பதால், பையில் எப்போதும் ஒரு காந்தம் இருக்கும். வண்டியைச் சுற்றி வரும்போது, நாக்கை அண்ணத்தில் ஒட்டி "ச்சு" என்று ஒரு சத்தம் போடுவார். அந்த ஒரு சத்தத்தில் வண்டியின் மதிப்பு பாதியாகிவிடும்.

வீட்டிலும் இதே கதைதான். பக்கத்து வீட்டுக்குப் புது அலமாரி வந்தால் முதலில் போய்க் குறை கண்டுபிடித்துவிட்டு வருபவர் இவர். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கும் அவர் மனைவிக்குச் சொல்லிச் சிரிக்க ஒரு கதை உண்டு. "என்னையும் நாலு தடவை வந்து பாத்துட்டு, யோசிச்சுச் சொல்றேன்னுதான் போனார். இவரை நம்புனா ஆகாதுன்னு நான்தான் முந்திக்கிட்டுச் சரின்னேன்."

இப்பேர்ப்பட்ட மனிதர் ஒரு காரைப் பார்த்துச் சொக்கிப்போனார்.

கார், ஓய்வுபெற்ற தையல் டீச்சர் ஒருவரின் வீட்டுக் கொட்டகையில் நின்றது. அவருடைய கணவர் கப்பலில் இன்ஜினியராக இருந்தவர். எந்தத் துறைமுகத்திலோ ஆசைப்பட்டு வாங்கி, கப்பலிலேயே ஏற்றிக்கொண்டுவந்த பழைய அமெரிக்க வண்டி அது. வெளிறிய பச்சை நிறம். பின்பக்கம் மீன்வால்போல் தூக்கி நிற்கும் இரண்டு இறக்கைகள். கியர் மாற்றத் தடி கிடையாது. ஸ்டீயரிங்கின் நடுவிலேயே பொத்தான்கள். அந்தக் கம்பெனி கொஞ்ச காலம் கார் செய்துவிட்டு மூடிப்போனது. அதன் பெயரைச் சொன்னால் மெக்கானிக்குகளே "அது சோப்பு பேரா சார்?" என்று கேட்பார்கள்.

கணவர் இறந்துவிட்டார். டீச்சர், தன் மகள் வீட்டோடு போய்விடுவதென்று முடிவாகிவிட்டது. "காசு பெரிசில்ல தம்பி. ஆசையா வச்சுக்கிறவங்க கைக்குப் போனாப் போதும்" என்று அவர் முதல் நாளே சொல்லிவிட்டார். வேறு யாராக இருந்தாலும் அங்கேயே சாவியைக் கேட்டிருப்பார்கள். துரு சார் "பாத்துட்டுச் சொல்றேன்" என்றார்.

பார்த்தார். ஞாயிறு தவறாமல் போய்ப் பார்த்தார். டீச்சர் டீ போட உள்ளே போனதும் கைக்குட்டையை எடுத்துப் பச்சை இறக்கைகளைத் துடைப்பார். இடப்பக்க ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து, பொத்தான்களை ஒவ்வொன்றாக அமுக்கி, வாயாலேயே வண்டி ஓட்டுவார். செருப்புச் சத்தம் கேட்டால் போதும், கைக்குட்டை பைக்குள் போய்க் காந்தம் வெளியே வந்துவிடும். முகம் இழவு வீட்டுக்கு வந்தவர் முகமாகிவிடும்.

"ச்சு."

"என்ன தம்பி?"

"அடித்தகடு துருப்பிடிச்சுப் போயிருக்கும் போல டீச்சர்."

அடுத்த வாரம் கதவோரம் ஓடும் அலுமினியப் பட்டையில் காந்தத்தை வைத்துக் கையை எடுத்தார். அது தரையில் விழுந்து உருண்டது. அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது என்பது அவருக்குத் தெரியும், டீச்சருக்குத் தெரியாது. "பாத்தீங்களா? இரும்பே இல்ல. வித்தவன் பூரா பட்டி வச்சுப் பூசி மறைச்சிருக்கான்."

டீச்சர் டீத் தட்டோடு அப்படியே நின்றார். "அப்போ எங்க வீட்டுக்காரர் ஏமாந்துட்டாரா?"

"அந்தக் காலத்துல நிறையப் பேர் ஏமாந்தாங்க டீச்சர்" என்று ஆறுதல் சொல்லிவிட்டு, டீயை எடுத்துக்கொண்டார். நல்ல டீ. அதில்கூடச் சர்க்கரை கம்மி என்று தோன்றியது அவருக்கு.

வீட்டில் மனைவி பிடித்துக்கொண்டார். "பிடிச்சிருக்குன்னு சொல்லி வாங்கித் தொலைங்களேன்!"

"பிடிச்சிருக்குன்னு தெரிஞ்சா விலை ஏறிடும்."

"அவங்கதான் காசு பெரிசில்லங்கிறாங்களே."

"அப்படிச் சொல்றவங்ககிட்டத்தான் உஷாரா இருக்கணும்."

உஷார் பேர்வழியின் துணி அலமாரியில், மடித்த சட்டைகளுக்கு அடியில், வெளிநாட்டிலிருந்து தபாலில் வரவழைத்த பின்விளக்குக் கண்ணாடிகள் இரண்டு பஞ்சுப் பொதிக்குள் கிடந்தன. வாங்காத வண்டிக்கு வாங்கிய கண்ணாடி. ஒருநாள் மனைவி அதைக் கண்டெடுத்து, "இது யாருக்கு? நம்ம ஸ்கூட்டருக்கா?" என்று கேட்டார். துரு சாருக்குச் சுருக்கென்றது. சரி, இந்த வாரம் முடித்துவிடுவது, இனி ஒரு 'ச்சு' கிடையாது என்று தீர்மானித்தார்.

அந்த ஞாயிறு சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். வாசலில் லாரி நின்றது. லாரியின் மேல், கயிறுகளால் கட்டுண்டு, பச்சைக் கார்.

வெயிலில் அதை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கொட்டகை இருட்டில் பார்த்ததைவிட எத்தனையோ மடங்கு அழகாக இருந்தது.

டீச்சர் வேகமாக வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்ல வேளை வந்தீங்க தம்பி. உங்களுக்கு நன்றி சொல்லாமப் போயிடுவேனோன்னு இருந்தேன். நேத்து ஒருத்தர் அவ்வளவு ஆசையா வந்து கேட்டார். வேணாங்க, பூரா இத்துப்போச்சுன்னு நான்தான் திருப்பி அனுப்பிட்டேன். இத்த துணியில தையல் நிக்காதுன்னு எனக்குத் தெரியாதா? நீங்க மட்டும் உண்மையைச் சொல்லாட்டி, ஒரு நல்ல மனுஷன் தலையில இதைக் கட்டியிருப்பேன். அதான் பழைய இரும்புக்கே போட்டுட்டேன்."



பழைய இரும்புக்காரர் லாரியிலிருந்து இறங்கி வந்தார். "சர்வேயர் சார்தானே? நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்க. இதை வெட்ட எனக்கே மனசு வரல. தேறுற வண்டிதான்னு நீங்க சொன்னா வெட்ட மாட்டேன். உங்களுக்கே வேணும்னாலும் சொல்லுங்க, எடுத்த விலைக்கே இறக்கி வச்சுட்டுப் போறேன்."

"தம்பிகிட்ட கேளுங்க. அவர் மனசுல பட்டதை மறைக்க மாட்டார்" என்றார் டீச்சர். பிடித்த கையை இன்னும் விடவில்லை.

ஒரு வார்த்தைதான். சொன்னால் வண்டி அவருடையது. சொன்னால், வாராவாரம் இந்த அம்மாள் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, செத்துப்போன மனிதரை ஏமாளியாக்கிப் பேசியதும் இதே வாசலில் வெட்டவெளிச்சமாகிவிடும். அந்தக் காரின் மேல் துரு சாருக்கு இருந்த ஆசை பொய்யில்லை. அந்த நிமிடத்தில் அவர் அழுதிருந்தால்கூட ஆச்சரியமில்லை.

மெல்லக் கையை விடுவித்துக்கொண்டு லாரியைச் சுற்றிப் பின்பக்கம் போனார். பச்சை இறக்கைக்குக் கீழே ஒரு கயிறு தளர்ந்து தொங்கியது.

"கட்டு சரியில்லையே, போற வழியில சரிஞ்சுடும்" என்றார். டயரின் மேல் ஒரு காலை வைத்து ஏறி, கயிற்றை இழுத்துப் பிடித்து, இறுக்கி முடிச்சுப் போட்டார்.