சாம்பிராணி ஏறிய தட்டு

நாள் தவறாமல் நாட்குறிப்பு எழுதுகிறவன் நான். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆண்டுகளில், சமணர் மலை தெரியும் ஓர் ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கி அறைக்குப் பொறுப்பாளனாக இருந்தேன். கருவியின் பதிவேட்டையும் அதே கவனத்தோடு எழுதினேன்: தேதி, அறையின் வெப்பம், யார் வந்தார்கள், எப்போது அணைத்தார்கள். ஒரு நாளுக்கு மட்டும் ‘விடுமுறை, அறை திறக்கவில்லை’ என்று எழுதினேன். அது பொய்.

அந்தக் கருவிக்குள் ஆயிரக்கணக்கான ஊசித்துளைகள் கொண்ட தட்டு ஒன்று சுழலும். துளைகள் வழியே லேசர் பிரிந்து விழுவதால், உயிருள்ள திசுவைப் பொசுக்காமல் குறைந்த வெளிச்சத்திலேயே அடுத்தடுத்துப் படம் எடுக்கலாம். ஆய்வு மாணவி ஒருத்தி, சௌராஷ்டிர வீட்டுப் பெண், ஜீப்ரா மீன் குஞ்சின் வாலில் சிறு காயம் செய்து, பச்சையாக ஒளிரும் வெள்ளையணுக்கள் அங்கே விரைவதைப் படமெடுக்க முயன்றுகொண்டிருந்தாள். மூன்று மணி நேரம் குஞ்சு உயிரோடிருக்க வேண்டும். பொங்கலுக்குள் அப்படி ஒரு படம் கிடைக்காவிட்டால் ஆய்வுத் தலைப்பையே மாற்ற வேண்டியதுதான் என்று பேராசிரியர் சொல்லியிருந்தார்.

ஆயுத பூஜை அன்று நானும் காவலாளியும் அறையைத் திறந்தோம். கருவிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தோம். எங்கள் தெரு ஆட்டோக்காரர்கள் இன்ஜினை ஓடவிட்டுத்தான் சூடம் காட்டுவார்கள்.

“மிஷினை ஓட விடுங்கண்ணே. அதுவும் சாமி கும்பிடட்டும்” என்றார் காவலாளி.

ஓடவிட்டேன். சன்னல் இல்லாத ஏசி அறையில் சாம்பிராணி போட்டேன். புகை மெல்லத் திரும்பி, தட்டு இருந்த பெட்டியின் காற்றாடிக்குள் போனது. அழகாக இருக்கிறதே என்றுகூட நினைத்தேன்.

அடுத்த வாரம் படங்கள் மங்கின. கோடுகோடாக நிழல் விழுந்தது. அவள் லேசரைக் கூட்டினாள். கூட்டியதும் வெள்ளையணுக்கள் ஓடாமல் உருண்டு நின்றன. குஞ்சு ஒரு மணி நேரத்தில் செத்தது. மயக்க மருந்தைக் குறைத்தாள், தண்ணீரை மாற்றினாள், பிறகும் குஞ்சுகள் செத்தன. முதல் குஞ்சு செத்த அன்றே நான் காற்றாடிப் பக்கம் குனிந்து பார்த்திருந்தேன். சாம்பிராணி வாசம். பதிவேட்டில் ‘கருவி நலம்’ என்று எழுதினேன்.

ஒருநாள் பேராசிரியர் என் முன்னாலேயே அவளிடம், “உனக்குக் கை சரியில்லம்மா. இம்புட்டு மீனைக் கொன்னு என்னத்தக் கண்ட?” என்றார். அவள் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள். நான் லென்ஸ் துடைக்கும் தாளை மடித்தேன். மடித்ததையே திரும்ப மடித்தேன்.

மார்கழியில் பெங்களூரிலிருந்து கருவி விற்ற நிறுவனத்தின் பொறியாளர் வந்து பெட்டியைத் திறந்தார். தட்டில் மஞ்சளாகப் பிசுக்கு. முகர்ந்து பார்த்தார்.

“என்ன சார், இதைக் கோயில்ல வச்சிருந்தீங்களா?”

அவள் பதிவேட்டைப் புரட்டி, அந்த ‘விடுமுறை’யின் மேல் விரல் வைத்தாள்.

“அந்த வாரம் பொரிகடலை குடுத்தீங்களேண்ணே. வீட்டுப் பூஜைன்னுதானே சொன்னீங்க?”

“இங்க போட்டதும்மா.”

“இதுனாலதான்னு எப்பத் தெரியும் உங்களுக்கு?”

“முதக் குஞ்சு செத்த அன்னிக்கே.”

அவள் கத்தவில்லை. “நான் கையத்தான் திரும்பத் திரும்பக் கழுவிக்கிட்டு இருந்தேன்” என்றாள்.

அன்று மாலையே பேராசிரியரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். என்னைத் திட்டினார், அவளுக்கு அவகாசம் கொடுத்தார். புதுத் தட்டு வந்து, பங்குனியில் அவளுக்கு அந்த மூன்று மணி நேரம் கிடைத்தது. திரையில் பச்சைப் புள்ளிகள் காயத்தை நோக்கி ஓடின. வழக்கம்போல் பேனாவைத் திறந்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைச் சொன்னேன்.

அவள் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். தன் கைக்கடிகாரத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, தேதியையும் நேரத்தையும் தானே எழுதினாள்.